மாத்திரைக்கு முன்னால் வந்தது

1

போன மாதம் எங்கள் கல்லூரியில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருபத்தைந்து ஆண்டுகள் முடித்ததற்காக. மாதுங்காவில் இருக்கிற கல்லூரி, பெயர் வேண்டாம். முதல்வர் இந்தியில் பேசினார். முத்துவின் கண்ணிலிருந்து எந்த மாணவனும் தப்ப முடியாது, முகத்தைப் பார்த்தே அவன் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவார் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

என் மனைவி பேச்சியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்தி அவளுக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். வெளியே வந்ததும், "என்ன சொன்னாவ, எல்லாரும் கைதட்டுனாவளே?" என்று கேட்டாள். சொன்னேன். தெருமுனை வரைக்கும் நடந்தாள். பிறகு, "அப்படியா சொன்னாவ" என்றாள். அவ்வளவுதான்.

ஊரில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் மும்பை வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மழையையும் ரயிலையும் தாராவியின் சந்துகளையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது என் வீட்டில் நடந்த ஒன்றுதான். அதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா நான் கெட்டுப் போயிட்டேன்னு எழுதாதீங்க. என்ன நடந்துச்சோ அத எழுதுங்க" என்றாள்.

2

நான் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். சுடலைமுத்து என்று முழுப்பெயர். இங்கே வந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஒன்பது ஆண்டுகள் தாராவியில் ஒரு தோல்பை பட்டறையில் வேலை. பிறகு கல்லூரி. பேச்சியம்மாள் வீட்டிலிருந்தபடியே பைகளுக்குக் கைப்பிடி தைத்துக் கொடுக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. குலதெய்வத்தின் பெயரை வைத்தோம்: இசக்கியம்மாள்.

ஏழாம் வகுப்பு வரைக்கும் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்தாள். வகுப்பில் முதல். எட்டாவதில் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினோம். முதல் ஆறு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று ஆசிரியை சொன்னார். அதன் பிறகு திறந்தாள். பத்தாவதில் நல்ல மதிப்பெண், பன்னிரண்டாவதில் அதைவிட நல்ல மதிப்பெண். செம்பூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது எங்கள் சந்தில் பதினெட்டு வீட்டுக்கும் லட்டு கொடுத்தோம். அந்தச் சந்திலிருந்து பொறியியல் படிக்கப் போன முதல் பெண் அவள்.

கல்லூரிக்குப் போன இரண்டாவது மாதம் அவளைத் தேடி ஒரு தோழி வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று, "ஈஷா ஹை க்யா?" என்று கேட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று பேச்சியம்மாள் கையை ஆட்டி அனுப்பப் பார்த்தாள். உள்ளேயிருந்து மகள் ஓடி வந்தாள்.

"அது யாருட்டி ஈஷா?"

"நான்தாம்மா. இசக்கின்னு சொன்னா அவங்களுக்கு வாயில வரமாட்டேங்குது."

நாங்கள் சிரித்துக்கொண்டோம். பட்டறையில் என்னையும் சுடலை என்று யாரும் கூப்பிட்டதில்லை. பெயரைச் சுருக்கிக்கொள்வது இந்த ஊரில் சட்டையை இஸ்திரி போடுவது மாதிரி. அவள் பெயரைச் சுருக்கவில்லை, வீட்டில் ஒருத்தியும் கல்லூரியில் ஒருத்தியுமாக இருக்கத் தொடங்கியிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் இருந்த இசக்கி எல்லாப் பாடத்திலும் தேறினவள். கல்லூரியில் இருந்த ஈஷாவுக்கு முதல் பருவத் தேர்வில் கணிதம் போனது.

உங்கள் ஊரில் அரியர் என்று சொல்வதை இங்கே மாணவர்கள் 'கேட்டி' என்பார்கள். ஆங்கில எழுத்து இரண்டு. ஒரு நாள் அவள் போனில் யாரிடமோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு மூன்று முறை கேட்டி, கேட்டி என்றாள். பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து, "என்னத்தட்டி கேக்கச் சொல்லுத?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்று அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் அந்தச் சொல்லைக் கேட்டுவருகிறவன். வேறு யாருடைய பரீட்சையைப் பற்றியோ பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் மகளுக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் இருக்கும் என்ற நினைப்பே வரவில்லை.

3

அவள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்று நடந்தது. நிகில் என்று ஒரு மாணவன். பத்தொன்பது வயது இருக்கும், நாசிக் பக்கத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிப் படித்தவன். பியூரெட்டைப் பிடிக்கும்போது கை நடுங்கும். கண் எங்கேயோ இருக்கும். நான் நான்கு நாள் கவனித்தேன். ஐந்தாம் நாள் அவன் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். மாத்திரை அட்டைகள். எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போகும்போது அவன் பின்னாலேயே வந்தான். கடைநிலை ஊழியர்களை இங்கே மாணவர்கள் மாமா என்பார்கள்.

"முத்து மாமா, மத் போலோ," சொல்லிவிடாதே என்று கையைக் கூப்பினான். "நான் விட்டுவிடுவேன், ஒரு மாதம் கொடு" என்று இந்தியில் கெஞ்சினான்.

நான் சொன்னேன். அவனை அந்த வாரமே வெளியேற்றினார்கள். என் கடமை என்று நினைத்தேன். ஆய்வுக்கூடத்தில் அமிலம் இருக்கிறது, கை நடுங்குகிறவன் அங்கே நிற்கக்கூடாது. இப்போதும் அது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அதை நான் பெருமையாகச் சொன்னேன். அது தப்பு.

இசக்கி கேட்டாள்: "அவன என்னப்பா பண்ணுவாங்க?"

"வெளிய அனுப்புவாங்க. வேற என்ன, ஆரத்தி எடுப்பாங்களா?"

"எதுக்குப்பா போட்டானாம்?"

"எதுக்குன்னா? கொழுப்பு. வீட்டுல ஒழுங்கா வளத்திருந்தா இப்படி ஆவுமா? அப்பன் ஆத்தாளச் சொல்லணும்."

"அவன்ட்ட யாராவது கேட்டாங்களாப்பா, எதுக்குன்னு?"

"நீ உன் படிப்பப் பாருட்டி" என்றேன்.

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் மாத்திரை எடுக்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவள் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பரீட்சைப் பதற்றம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பகல் வரைக்கும் தூங்கினாள். படித்து அசந்துபோய்க் கிடக்கிறாள், எழுப்பாதே என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன். அடுத்தவர் பிள்ளையின் கையை நான்கு நாள் கூர்ந்து பார்த்தவன் நான்.

4

ஏப்ரல் கடைசியில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. காலை பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. கல்லூரி அலுவலகத்திலிருந்து. உங்கள் மகள் தேர்வறையில் விழுந்துவிட்டாள், வலிப்பு வந்தது, மாநகராட்சி மருத்துவமனைக்குக் கொண்டு போகிறோம் என்றார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளைப் படுக்கையில் போட்டிருந்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டதால் உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. உடுப்பு நனைந்திருந்தது. பேச்சியம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வந்து சேர்ந்தாள். மகளின் கோலத்தைப் பார்த்துவிட்டு, தன் முந்தானையால் அவள் இடுப்பை மூடினாள்.

இளம் டாக்டர் ஒருவர், இசக்கியைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்றார். இல்லை என்றேன். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்றார்.

"என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை" என்று இந்தியில் சொன்னேன்.

டாக்டர், "அவள் எப்படிப்பட்டவள் என்று நான் கேட்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டேன்" என்றார்.

மாலைக்குள் அவளே டாக்டரிடம் சொல்லிவிட்டாள். முதலாம் ஆண்டு முடிவில் வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டிய முறை அவளுக்கு வந்தது. தினமும் அதை நினைத்து வாந்தி எடுத்திருக்கிறாள். ரித்தி என்ற தோழி, அவளுடைய அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். படபடப்பைத் தணிக்கிற மாத்திரை. அன்றைக்கு நன்றாகப் பேசியிருக்கிறாள். பிறகு பரீட்சைக்கு முந்தின நாள் ஒன்று. பிறகு பரீட்சை இல்லாத நாளும் ஒன்று. பிறகு எண்ணிக்கை இல்லை. சீட்டுக் கேட்காமல் கொடுக்கிற மருந்துக்கடை ஒன்றைக் கண்டுபிடித்தபின் ரித்தியும் தேவைப்படவில்லை.

வலிப்பு மாத்திரை எடுத்ததால் வரவில்லை, திடீரென்று நிறுத்தியதால் வந்தது என்று டாக்டர் விளக்கினார். இதைத் தானாக நிறுத்தக்கூடாது, டாக்டரின் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஐந்து நாளாக அவள் ஒன்றும் எடுக்கவில்லை, அதிர்ஷ்டத்தால்தான் தப்பித்தாள் என்றார்.

மறுநாள் கேட்டேன்: "ஏன்ட்டி யார்ட்டயும் சொல்லாம நிப்பாட்டுன?"

கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னாள்: "நீங்க அன்னைக்கு அந்தப் பையனச் சொன்னீங்கள்ல. அதுக்கப்புறம் மூணு தடவ நிப்பாட்டிப் பாத்தேன்ப்பா. இது மூணாவது."

ஆறு நாள் கழித்து அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வாசலில் இந்தியில் பலகை. பேச்சியம்மாள், "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். இசக்கிதான் படித்தாள்: "நஷா முக்தி."

பேச்சியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "முக்தியா? என்னட்டி சொல்லுத? பொழைக்கமாட்டான்னு சொல்லிட்டாவளா?"

"அய்யோ அம்மா, அந்த முக்தி இல்ல. போதையிலேர்ந்து விடுதலைன்னு அர்த்தம்."

விடுதலை என்ற சொல் அவளுக்கு நிம்மதியைக் கொடுத்தது. போதை என்ற சொல் சில விநாடி கழித்துத்தான் உறைத்தது. அதுவரைக்கும் மகளுக்கு வலிப்பு நோய் என்றே அவள் நம்பியிருந்தாள். நான் சொல்லியிருக்கவில்லை. பலகையின் கீழே, எல்லோரும் போய்வருகிற வழியில், அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

5

மூன்று வாரம் கழித்து ஆலோசகர் எங்கள் மூவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். மராத்திக்கார அம்மா, என் வயதுதான் இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தியில் பேசினார். பேச்சியம்மாளுக்காக இசக்கி தமிழில் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

நான் முதலிலேயே கேட்டுவிட்டேன். சந்தில் குடிக்கிறவர்கள் உண்டு, கஞ்சா விற்கிறவர்கள் உண்டு, அந்தப் பக்கமே போகாமல் வளர்த்த பிள்ளை. இவளுக்கு எப்படி இது வந்தது?

அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மாத்திரை இரண்டாவதாக வந்தது. முதலில் பயம் வந்தது. நீங்கள் மாத்திரையைப் பற்றியே கேட்கிறீர்கள்."

பிறகு பலதையும் சொன்னார். இங்கே வருகிற மாணவர்களில் கூத்தடிக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் இவளைப் போல வருகிறவர்களும் நிறைய. நன்றாகப் படித்தவர்கள். வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள். தோற்றால் தான் மட்டும் தோற்கவில்லை, ஒரு தெருவே தோற்றுவிடும் என்று நம்புகிறவர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவள் சரளமாக ஆங்கிலம் பேசும்போது, தான் ஏதோ தவறிப்போய் இங்கே வந்துவிட்டோம், இன்றில்லாவிட்டால் நாளை கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தினமும் நடுங்குகிறவர்கள். அந்த நடுக்கத்தைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் பாதி குறையும். ஆள் இல்லாத இடத்தில் மாத்திரை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இசக்கி இதைத் தன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். தன்னைப் பற்றியே, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல. "அவளுக்கு பயம்மா... தெனமும் பயம்... நம்மளப் புடிச்சிருவாங்கன்னு..." நடுவில் ஒரு சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நின்றாள். பேச்சியம்மாள், "புரியுது, சொல்லுட்டி" என்றாள்.

ஆலோசகர் என் பக்கம் திரும்பினார். நீங்கள் எதிலாவது தோற்றிருக்கிறீர்களா, அதை மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கி பதில் சொல்லிவிட்டாள். "பப்பா கபி ஃபெயில் நஹீ ஹுவே." அப்பா எப்போதும் தோற்றதில்லை. ஊரில் பன்னிரண்டாவதில் முதல் மாணவர், மேலே படிக்க வீட்டில் வசதி இல்லாததால் பம்பாய் வந்தவர் என்று அவளே விவரமும் சொன்னாள். இத்தனை ஆண்டுகளில் நான் சொல்லிக்கொடுத்ததுதான். வார்த்தை மாறாமல் சொன்னாள்.

இங்கே ஒன்றை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தேர்வு முடிவு செய்தித்தாளில் எண்களாக வரும். நாங்குநேரி பஸ் நிலையத்தில் ஒரு கடையில் நின்று பார்த்தேன். என் எண்ணுக்கு முந்தின எண் இருந்தது, பிந்தின எண் இருந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வாரம் திருநெல்வேலியில் சுற்றிவிட்டு, பட்டறையில் இருந்த சித்தப்பா மகனைத் தேடி ரயிலேறினேன். கல்லூரி வேலைக்குப் பத்தாவது சான்றிதழ் போதுமானதாக இருந்தது. அதனால் யாரும் எதையும் கேட்கவில்லை. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் இங்கே ஆய்வுக்கூடத்தில் அதிகாரி மாதிரி பேசுவேன். இங்கே திரும்பி வந்தால் ஊரில் முதல் மாணவன் மாதிரி பேசுவேன். பிழைக்கப் போனவனுக்கு இரண்டு ஊர் இருப்பதில் இது ஒரு வசதி. ஒரு ஊரில் சொல்வதை இன்னொரு ஊரில் யாரும் சரிபார்ப்பதில்லை.

"இல்லட்டி" என்றேன். தமிழில்தான் வந்தது. "நான் பன்னெண்டாங் கிளாஸ் பெயிலு. கணக்குல போச்சு. பயந்துதான் இங்க ஓடியாந்தேன்."

பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்து மூன்று ஆண்டு மணவாழ்க்கை. அவளுக்கும் தெரியாது.

இசக்கி முதலில் சிரித்தாள். சிரிப்பு என்று நான் நினைத்தேன். பிறகு அவள் முகம் கோணியது.

"எனக்கும் கணக்குலதான்ப்பா போச்சு" என்றாள். "மொத செமஸ்டர்ல. ரிசல்ட் வந்த அன்னைக்கு ஸ்டேஷன்ல உக்காந்து ஆறு வண்டிய விட்டேன். வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு தெரியல. எங்கப்பா ஃபர்ஸ்ட்டு, நான் இப்படின்னு. அன்னைக்கு இத நீங்க சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவ?"

ஆறு வண்டியை எதற்காக விட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இன்றைக்கும் இல்லை.

ஆலோசகருக்கு எதுவும் புரியவில்லை. அப்பா என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டார். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குச் நஹீ" என்றாள். ஒன்றுமில்லை.

அவர் வற்புறுத்தவில்லை. நான்தான் இந்தியில் திரும்பச் சொன்னேன். இரண்டாவது முறை சொல்வதற்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

6

நான் சொன்னதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் என்னோடு ஒன்றரை மாதம் பேசவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதற்கே ஐந்து மாதம் ஆனது. வியர்த்துக் கொட்டும், எரிந்து விழுவாள், பட்டப்பகலில் விளக்கைப் போடு இருட்டாக இருக்கிறது என்பாள். பேச்சியம்மாள் காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, மாத்திரையைப் பிளேடால் பாதியாக, கால்வாசியாக வெட்டி, கையில் கொடுத்து, விழுங்கும் வரைக்கும் எதிரில் நிற்பாள். பிறகுதான் தையலுக்கு உட்காருவாள்.

அவள் கல்லூரியில் ஒரு குழு முன்னால் என்னை வரச் சொன்னார்கள். வருகை குறைவு, தேர்வறையில் நடந்த சம்பவம், இவற்றைப் பற்றி விசாரணை. மருத்துவமனைச் சீட்டில் ஈஷா என்று இருக்கிறது. அவளை ஏற்றிவந்த தோழிகள் சொன்ன பெயர். கல்லூரிப் பதிவில் இசக்கியம்மாள். இரண்டும் ஒரே ஆள் என்பதற்குப் பத்திரம் கேட்டார்கள். முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரியிடம் போய், இருவரும் ஒருவரே என்று எழுதி வாங்கி வந்தேன். நோட்டரி அலுவலகத்தில் என் மகள் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். மருத்துவமனையிலும் அதைக் காட்டிச் சீட்டில் பெயரை மாற்றினோம்.

குழுவில் ஐந்து பேர். ஒருவர் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, "வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா? ஒழுங்காகக் கவனித்திருந்தால் இப்படி ஆகுமா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். நிகிலின் வீட்டைப் பற்றி நான் கேட்ட அதே கேள்வி.

அவளை வெளியேற்றவில்லை. அந்த ஆண்டை மட்டும் இழந்தாள். இரண்டாம் ஆண்டைத் தன்னைவிட இளையவர்களோடு மறுபடி படிக்கிறாள்.

நிகிலைத் தேடினேன். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் தெரிந்த குமாஸ்தாவிடம் அவன் பதிவிலிருந்த போன் எண்ணை வாங்கினேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவன் தங்கியிருந்த ஆண்டாப் ஹில் அறைக்குப் போனேன். இப்போது அங்கே வேறு நான்கு பேர். முன்பு இருந்தவன் சாமான்களைக்கூட எடுக்காமல் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்றார்கள். மூலையில் கிடந்த ஒரு பெட்டியைக் காட்டி, உங்களுக்கு உறவா, எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார்கள். உறவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. எதற்காக என்று அவனிடம் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஊரிலிருந்து அண்ணன் பேசினால், "புள்ள எத்தனாவது வருசம்?" என்று கேட்பார். மூன்றாவது என்றே சொல்லி வந்தேன். அவர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர். அண்ணே, இரண்டாவதுதான்.

7

சால்வை போர்த்திய அந்த வாரத்திலேயே, வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டே கால் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் முப்பது மாணவர்கள் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். போன் வந்தது. இசக்கி. அந்த நேரத்தில் அவள் கூப்பிடுகிற வழக்கம் இல்லை.

"அப்பா, நேத்து ஒண்ணு போட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் போனேன்.

"வைவா இருக்கு திங்கக்கிழமை. அந்த ரூமுதான். கடையில போயி... ஒண்ணுதான்ப்பா. மிச்சம் பையில இருக்கு. இன்னைக்கும் போட்டுருவேன்னு நெனைக்கேன்."

ஏழு மாதம் பத்து நாள் அவள் எடுக்காமல் இருந்திருந்தாள். பேச்சியம்மாள் காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டு வந்தாள்.

"எங்க நிக்க?" என்று கேட்டேன்.

"காலேஜ் கேட்டுல."

"அங்கனயே நில்லு. நான் வாரேன்."

துறைத் தலைவரிடம் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குர்லாவில் வண்டி மாறும்போது, என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனதில் அடுக்கிக்கொண்டே போனேன். உன் அம்மா படுகிற பாடு தெரியுமா. பத்திரம் எழுதி நாயாக அலைந்தேனே. இதற்காகவா. கோபம் கோபமாக வந்தது. செம்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

கேட்டுக்கு வெளியே வேலியோரமாக நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் நின்று முகம் சிவந்திருந்தது. நிழல் பத்தடி தூரத்தில் இருந்தும் போகவில்லை. அங்கேயே நில் என்று நான் சொன்னதால் அங்கேயே நின்றிருக்கிறாள்.

பையிலிருந்து அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். பத்தில் ஒன்றுதான் காலியாக இருந்தது.

"திட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"திட்டத்தான் வந்தேன். சாப்பிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். எதிர்க் கடையில் இரண்டு வடாபாவ் வாங்கினேன். நின்றபடியே சாப்பிட்டோம். எனக்கும் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஒன்றும் சாப்பிட முடியவில்லை என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பஸ் வந்ததும் ஏறி மருத்துவமனைக்குப் போனோம்.

வெளிநோயாளிகள் பிரிவில் கேஸ் பேப்பர் எழுதுகிற ஜன்னலில் நீண்ட வரிசை. முக்கால் மணி நேரம் நின்றோம். எங்கள் முறை வந்தபோது, உள்ளே இருந்த ஆள் தலையைத் தூக்காமல் கேட்டார்: "நயா கி புரானா?" புதிதா, பழையதா?

புதிது என்றால் புதுச் சீட்டு கொடுப்பார்கள். அதில் பழைய கதை எதுவும் இருக்காது. வலிப்பு இருக்காது, பலகை இருக்காது, ஒரு பெண் முதல் முறையாகப் பரீட்சைப் பயம் என்று டாக்டரைப் பார்க்க வந்திருப்பதாக இருக்கும். நயா என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம்.

இசக்கி என்னைத் தாண்டி ஜன்னலருகே குனிந்தாள்.

"புரானா" என்றாள். "இசக்கியம்மாள். ஐ, எஸ், ஏ..."

அந்த ஆள் எழுத ஆரம்பித்தார்.